'மேட் மேட் மேட் மேட் வேர்ல்ட்' படத்தை வீட்டில் பார்ப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டான்லி கிரேமர் எடுத்து 1963-ல் வெளிவந்த 'இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்ட்' பற்றி நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். முடிவைப் போட்டு உடைக்கவில்லை. படத்தை இன்னும் பார்க்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

கதை என்ன?

கலிபோர்னியாவின் வளைந்து வளைந்து போகும் மலைச்சாலை ஒன்றில் ஒரு கார் தாறுமாறாக ஓடிப் பள்ளத்தில் விழுகிறது. பின்னால் வந்த நான்கு வண்டிகளிலிருந்து ஐந்து ஆண்கள் இறங்கி ஓடுகிறார்கள். அடிபட்டுக் கிடக்கும் பழைய திருடன் (ஜிம்மி டுராண்ட்டி) உயிர் பிரியும் முன் ஒரு ரகசியத்தைச் சொல்கிறான்: சாண்டா ரோசிட்டா பூங்காவில், 'பெரிய டபிள்யூ' ஒன்றின் கீழே 3,50,000 டாலர் புதைந்திருக்கிறது. எப்படிப் பங்கு போடுவது என்று சாலையோரத்தில் பேச்சுவார்த்தை நடக்கிறது. அது உடைகிறது. அப்புறம் ஆளுக்கொரு பக்கம் காரிலும் லாரியிலும் விமானத்திலும் சைக்கிளிலும் பறக்கிறார்கள். அந்தப் பணத்துக்காகப் பல வருடம் காத்திருந்த போலீஸ் அதிகாரி கல்பெப்பர் (ஸ்பென்சர் டிரேசி) இவர்களை எட்ட இருந்தே கண்காணிக்கிறார்.

அவ்வளவுதான் கதை. மீதி முழுக்க அடி, உதை, இடிபாடு, அலறல்.

அந்த நடிகர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. சிரிப்பு வருமா?

வரும். சில சிரிப்புகள் மட்டும் நம்மைத் தாண்டிப் போய்விடும், அதை மறைக்க வேண்டியதில்லை.

இந்தப் படத்தில் அமெரிக்க நகைச்சுவையின் இரண்டு தலைமுறை ஒரே கூரையின் கீழ் நிற்கிறது. மில்டன் பெர்ல், சிட் சீசர், பில் சில்வர்ஸ் ஆகிய மூவரும் 1950-களின் தொலைக்காட்சியை ஆண்டவர்கள். இங்கிலாந்திலிருந்து டெர்ரி-தாமஸ். ஜோனதன் விண்டர்ஸுக்கு இதுதான் சினிமாவில் முதல் பெரிய வேடம். இவர்களுக்கு மேல், ஒரு நொடி வந்துபோகும் பெரியவர்கள்: பஸ்டர் கீட்டன், ஜெர்ரி லூயிஸ், ஜாக் பென்னி. 'த்ரீ ஸ்டூஜஸ்' மூவரும் விமான நிலையத் தீயணைப்பு வீரர்களாகச் சில நொடிகள் நிற்பார்கள். நிற்பார்கள், அவ்வளவே. வாழ்நாள் முழுக்க ஒருவரையொருவர் அறைந்து, கண்ணில் குத்திச் சிரிக்க வைத்தவர்கள் இங்கே அசையாமல் நிற்பதுதான் வேடிக்கை. அவர்களைத் தெரியாதவருக்கு அது வெறும் தீயணைப்பு வண்டி.

ஆனால் படத்தைத் தாங்குவது அந்த ஒரு நொடி முகங்கள் அல்ல. பூட்டிய கடையின் நிலவறையில் மாட்டிக்கொண்ட கணவனும் மனைவியும் வெளியேற எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் அவர்களை இன்னும் மோசமான நிலைக்குத் தள்ளும். அதைப் பார்த்துச் சிரிக்க சிட் சீசர் யார், ஈடி ஆடம்ஸ் யார் என்று தெரிய வேண்டியதே இல்லை.

ஒரு இடத்தில் 163 நிமிடம் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 182, வேறொரு இடத்தில் 197. எது சரி?

மூன்றும் உண்மையிலேயே இருக்கின்றன.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெரிய படங்களை முதலில் 'ரோட்ஷோ' முறையில் வெளியிடுவார்கள். பெரிய நகரங்களில் மட்டும், முன்பதிவு இருக்கை, கூடுதல் டிக்கெட் விலை, தொடக்க இசை, இடைவேளை எல்லாம் உண்டு. இந்தப் படம் 1963 நவம்பர் 7 அன்று ஹாலிவுட்டின் சினிரமா டோம் அரங்கில் அப்படித்தான் வெளியானது. அந்த அரங்கில் திரையிடப்பட்ட முதல் படமே இதுதான். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. பிறகு, ஒரு நாளில் அதிகக் காட்சிகள் ஓட்ட வசதியாக, விநியோகித்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் அதை வெட்டிச் சுருக்கியது. ஊர் உலகமெல்லாம் பார்த்தது அந்தச் சுருக்கிய பதிப்பைத்தான். டிஸ்க்கில் அது 163 நிமிடம்.

வெட்டி எடுத்த துண்டுகளை யாரும் ஒழுங்காகப் பாதுகாக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது. 1991-ல், கிடைத்த துண்டுகளைச் சேர்த்து, சுமார் 182 நிமிடப் பதிப்பு ஒன்று கேசட்டிலும் லேசர் டிஸ்க்கிலும் வந்தது. 2014 ஜனவரியில் கிரைட்டீரியன் நிறுவனம், பழம்படங்களை மீட்பதில் பெயர்பெற்ற ராபர்ட் ஏ. ஹாரிஸ் தொகுத்த 197 நிமிடப் பதிப்பை வெளியிட்டது. 163 நிமிடப் பதிப்பும் அதே பெட்டியில் உண்டு.

பெட்டியின் முகப்பைப் பார்த்துப் பதிப்பை முடிவு செய்யாதீர்கள், ஓடும் நேரத்தைப் பாருங்கள். 'பால்' (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறைக்காகப் பதிந்த டிவிடியாக இருந்தால் இன்னொரு குழப்பமும் வரும். நொடிக்கு 24 சட்டகம் என்று எடுத்த படத்தை அதில் 25 என்று ஓட்டுவதால் 163 நிமிடப் படம் 157-க்குள் முடிந்துவிடும். எதுவும் வெட்டப்படவில்லை, சற்று வேகமாக ஓடுகிறது. குரல்களும் ஓர் இம்மி உயர்ந்த சுருதியில் கேட்கும்.

முதல்முறை பார்க்கிறேன். எந்தப் பதிப்பு?

163 நிமிடம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீளமான பதிப்புதான் 'உண்மையான' படம் என்று சேகரிப்பாளர்கள் பலர் வாதிடுவார்கள். கிரேமர் முதலில் காட்ட விரும்பியதற்கு அது நெருக்கமானது என்பது சரிதான். ஆனாலும் முதல்முறை பார்ப்பவருக்கு இந்தப் படத்தின் ஓட்டம் அறுபடக் கூடாது. ஒரு கும்பல் விமானத்தில் தத்தளிக்கும்போது வெட்டி, நிலவறைக்குப் போய், அங்கிருந்து பெட்ரோல் பங்க்குக்குப் போய், மறுபடி விமானத்துக்கு வரும் அந்த மாறி மாறித் தாவும் வேகத்தில்தான் சிரிப்பு கூடிக்கொண்டே போகிறது. நீளப் பதிப்பில் சேர்ந்த காட்சிகளில் பல, ஓட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தி விளக்கம் சொல்பவை.

பிடித்துப்போனால் சில மாதம் கழித்து 197 நிமிடத்தைப் போடுங்கள். அப்போது அந்த விளக்கங்களே சுவையாக இருக்கும். முக்கியமாக டிரேசியின் பாத்திரம் கனம் பெறுகிறது. சுருக்கிய பதிப்பில் பஸ்டர் கீட்டன் வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் மறைகிறார். கல்பெப்பர் எதற்காக அவரைத் தேடிப் போகிறார் என்பது நீளப் பதிப்பில்தான் புரியும்.

நீளப் பதிப்பில் நடுநடுவே படம் அசையாமல் நிற்கிறது, நிறம் மாறுகிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?

இல்லை. சில காட்சிகளுக்கு ஒலி மட்டும் கிடைத்தது, படச்சுருள் கிடைக்கவில்லை. அங்கே படப்பிடிப்பில் எடுத்த நிழற்படங்களை வைத்து ஒலியை ஓட்டுகிறார்கள். வேறு சில இடங்களில் படம் மட்டும் கிடைத்தது, ஒலி இல்லை. கிடைத்த துண்டுகளில் பல, நிறம் மங்கிப்போன பழைய 70 எம்எம் பிரதிகளிலிருந்து வந்தவை. எவ்வளவு மீட்டாலும் பக்கத்துக் காட்சியோடு அவை ஒட்டாது.

கடையில் போய் மாற்றிக் கேட்க வேண்டாம். அந்தத் தழும்புகளை அழகுபடுத்தி மறைக்காமல் விட்டதை நான் மதிக்கிறேன்.

திரையில் மேலும் கீழும் இவ்வளவு பெரிய கறுப்புப் பட்டை ஏன்? ஜூம் செய்து நிரப்பலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

இந்தப் படம் அல்ட்ரா பானவிஷன் 70 முறையில், 65 எம்எம் படச்சுருளில் எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவு எர்னஸ்ட் லாஸ்லோ. படத்தின் அகலம் உயரத்தைப் போல 2.76 மடங்கு. இதைவிட அகலமான படங்கள் மிகக் குறைவு. இன்றைய டிவியின் அகலம் உயரத்தைப் போல 1.78 மடங்குதான். எனவே முழுப் படமும் தெரிய வேண்டுமென்றால் டிவியின் உயரத்தில் 64 சதவீதம்தான் பயன்படும். 55 அங்குல டிவியில் படம் 122 செ.மீ. அகலமும் வெறும் 44 செ.மீ. உயரமுமாக நிற்கும்.

ஜூம் செய்தால் அந்த 36 சதவீதம் பக்கவாட்டில் போகும். இந்தப் படத்தில் பக்கவாட்டில் போவது ஆட்கள்.

பங்கு பிரிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் எட்டுப் பேர். பல் மருத்துவர் கிரம்ப் (சிட் சீசர்) பொறுமையாகக் கணக்குப் போடுகிறார். வண்டிக்கு ஒன்று என்றால் நான்கு பங்கு. இறங்கிப் போன ஆளுக்கு ஒன்று என்றால் ஐந்து. மொத்தத் தலைக்கு ஒன்று என்றால் எட்டு. எல்லாவற்றையும் கூட்டிக் கடைசியில் 25 பங்கு வரை போகிறது. பேசுபவர் மீது கேமரா பாயவில்லை. முழுக் கும்பலையும் ஒரே சட்டகத்தில் நிறுத்தி வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது. ஒவ்வொரு கணக்குக்கும் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பது பேசாமல் நிற்பவர்களின் முகத்தில் ஓடுகிறது. ஓரத்தில் நிற்கும் மாமியார் (எத்தல் மெர்மன்) வாய் திறக்கும் முன்பே அவர் திறக்கப் போகிறார் என்று நமக்குத் தெரிந்துவிடும். அந்த ஓரத்தை வெட்டினால் காட்சியில் பாதிதான் மிச்சம்.

பெரிய குடும்பப் புகைப்படத்தை நடுவில் மட்டும் கத்தரித்து மாட்டினால் எப்படியோ அப்படித்தான் ஜூம்.

அப்படியானால் நான் சின்ன வயதில் கேசட்டில் பார்த்தது?

பழைய சதுர டிவிக்காக இரண்டு பக்கத்தையும் வெட்டிய பிரதியாக இருந்திருந்தால், மொத்தப் படத்தில் பாதியைக்கூட நீங்கள் பார்க்கவில்லை. 1.33 அகலத் திரையில் 2.76 அகலப் படத்தின் 48 சதவீதம்தான் அடங்கும். "கத்திக்கிட்டே இருக்காங்க, ஒண்ணும் புரியல" என்று அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். அடி வாங்குபவர் மட்டும் தெரிகிறார், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கும்பல் தெரியவில்லை. இன்னொரு வாய்ப்பு கொடுத்துப் பாருங்கள்.

டிவியில் வேறு என்ன சரிசெய்ய வேண்டும்?

முதலில் கிட்டே உட்காருங்கள். உயரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுவதால், வழக்கமான தூரத்தில் முகங்கள் சின்னதாகிவிடும். விளக்கை அணைத்தால் பட்டைகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அசைவை வழுவழுப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' வசதியை அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் கார் துரத்தல்களெல்லாம் சீரியல் போலத் தெரியும். புரொஜெக்டர் வைத்திருப்பவர் வீட்டில் இடம் கிடைத்தால் அங்கே போய்விடுங்கள். மூன்று மீட்டர் அகலச் சுவரில் படம் 109 செ.மீ. உயரத்துக்கு நிற்கும், அப்போது ஓரத்து முகங்களைத் தேட வேண்டியதில்லை.

கிரைட்டீரியன் டிஸ்க் இங்கே ஓடுமா?

ரீஜன் என்பது ஒரு டிஸ்க் எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்று காட்டும் பிரிவு. அந்த ப்ளூ-ரே ரீஜன் 'ஏ'. இந்தியாவும் இலங்கையும் ரீஜன் 'சி'. இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் ஓடாது, எல்லா ரீஜனும் படிக்கும் பிளேயர் வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை, அவையெல்லாம் 'ஏ'தான். லண்டன், பாரிஸ் பக்கம் ரீஜன் 'பி'. டிவிடிக்கு எண் கணக்கு: அமெரிக்க டிவிடி 1, இந்தியா 5, இலங்கையும் 5.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்லும் முன் உங்கள் பிளேயரின் பின்பக்கத்தைப் பாருங்கள், ரீஜன் அங்கே அச்சடித்திருக்கும். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்வதும் நல்லது. நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும் இடங்களில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே காது திணறும்.

ஒரே காட்சியை மட்டும் நண்பருக்குப் போட்டுக்காட்டுவதென்றால்?

பெட்ரோல் பங்க்.

பைக் என்ற பெயருடைய லாரி ஓட்டுநர் (ஜோனதன் விண்டர்ஸ்) முரட்டு உடம்பும் குழந்தை மனசும் கொண்டவர். அவரை ஏமாற்றிவிட்டு ஓடும் பில் சில்வர்ஸ், போகிற போக்கில் பங்க்கை நடத்தும் இரண்டு கண்ணாடிக்கார இளைஞர்களிடம் "இவன் மனநோய் மருத்துவமனையிலிருந்து தப்பியவன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர்களும் நம்பி, பைக்கைக் கட்டிப்போடப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் எது எந்த வரிசையில் உடைகிறது என்று கவனியுங்கள். கண்ணாடி, சுவர், கூரை என்று சின்னதிலிருந்து பெரியதுக்குப் போய், கடைசியாகத் தண்ணீர்த் தொட்டி கோபுரம். நடுவில் அந்த இருவரும் பயந்து ஓடாமல் மறுபடி மறுபடி திரும்பி வருவதுதான் காட்சியை உயர்த்துகிறது. அவர்கள் ஓடிப்போயிருந்தால் அது வெறும் இடிப்பு வேலை.

விண்டர்ஸின் முகத்தையும் பாருங்கள். கோபத்தைவிட மனவருத்தம்தான் அதிகம். தன்னை ஏன் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்ற புண்பட்ட முகத்தோடு ஒரு சுவரைப் பிய்த்தெறிகிறார். இதை வேறு எந்த நடிகராலும் செய்திருக்க முடியாது என்பது என் கட்சி.

விமானம் நிஜமாகவே கொட்டகைக்குள் நுழைந்து போகிறதா?

நிஜம். சாகச விமானி ஃபிராங்க் டால்மன் இரட்டை எஞ்சின் பீச்கிராஃப்ட் விமானத்தை ஒரு கொட்டகையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி ஓட்டினார். விளம்பரப் பலகையைக் கிழித்துக்கொண்டு போவதும் அவர்தான். கணினி வரைகலை இல்லாத காலம். உச்சக்கட்டத்தில் வரும் தீயணைப்பு வண்டி ஏணிக் காட்சி மட்டும் கலவை: நிஜ ஆட்கள், சின்ன மாதிரிகள், பொம்மைகள், பின்னணி ஒட்டுவேலை என்று லின்வுட் டன் தலைமையில் செய்தார்கள். ப்ளூ-ரேயின் தெளிவில் ஒட்டு தெரியத்தான் செய்கிறது. எனக்கு அது உறுத்தவில்லை.

சத்தம் அதிகமாக இருக்கிறதே?

இருக்கிறது. படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் ஒலி விளைவுகளுக்கானது. வால்டர் எலியட் வாங்கினார். ஆறு பிரிவுகளில் போட்டியிட்டு அந்த ஒன்று மட்டும். தட்டு உடைவது, தகரம் நசுங்குவது, டயர் கீச்சிடுவது எல்லாம் தனித்தனியாகக் கேட்கும்படி செய்த வேலை அது. இரவில் பார்ப்பதானால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பார்க்கலாம். ரத்தமோ ஆபாசமோ இல்லை. தொடக்கத்தில் ஒருவர் இறக்கிறார், அதுவும் வேடிக்கையாகவே காட்டப்படுகிறது. பெண் பாத்திரங்களை எழுதிய விதம்தான் பழசாகிவிட்டது. எத்தல் மெர்மனின் மாமியார் பாத்திரத்தை விட்டால் மற்றவர்களுக்குக் கூடவே ஓடுவதைத் தவிர அதிக வேலை இல்லை. மாமியாரை எல்லோரும் நடத்தும் விதமும் இன்று சில இடங்களில் கசக்கிறது. பிள்ளைகளோடு அதைப் பேசிவிட்டுப் போகலாம், படத்தை ஒதுக்க வேண்டியதில்லை.

கமெண்டரி கேட்கத் தகுந்ததா?

கமெண்டரி என்றால் படம் ஓடும்போதே கூடக் கேட்கும் விளக்கப் பேச்சு. 197 நிமிடப் பதிப்புக்கு மார்க் எவனியர், மைக்கேல் ஷ்லெசிங்கர், பால் ஸ்கிராபோ மூவரும் பேசியிருக்கிறார்கள். இந்தப் படத்தை மனப்பாடமாகத் தெரிந்த ரசிகர்கள். நம்மைத் தாண்டிப் போகும் அந்த ஒரு நொடி முகங்கள் யார் யார் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். இரண்டாவது முறை பார்க்கும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

பிடித்துவிட்டது. அடுத்து?

பிளேக் எட்வர்ட்ஸின் 'தி கிரேட் ரேஸ்' (1965). கேக் வீசும் சண்டைக்காகவே பார்க்கலாம். அது லாரல்-ஹார்டிக்குக் காணிக்கையாக்கப்பட்ட படம். அதே ஆண்டு வந்த விமானப் பந்தயப் படம் 'தோஸ் மேக்னிஃபிசென்ட் மென் இன் தேர் ஃப்ளையிங் மெஷீன்ஸ்' படத்தில் டெர்ரி-தாமஸ் மறுபடி வருகிறார், இன்னும் கெட்டவராக.

தமிழில் கேட்டால், 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) படத்தை மறுபடி எடுத்துப் போடுங்கள். கிரேசி மோகனின் வசனத்துக்காகப் பல முறை கேட்டிருப்போம், இந்த முறை கண்ணால் பாருங்கள். சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' வழியில் மலை விளிம்பில் வீடு சாயும் அந்தக் கடைசிப் பகுதியில், பேசாமல் ஒதுங்கி நிற்பவர்கள் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

மூன்றேகால் மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார முடியவில்லை. நடுவில் நிறுத்தலாமா?

படத்திலேயே இடைவேளை உண்டு, அங்கே நிறுத்துங்கள். நீளப் பதிப்பில் அந்த நேரத்தில் போலீஸ் ரேடியோ அறிவிப்புகள் கேட்கும்: துரத்தப்படுபவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று. ரோட்ஷோ காலத்தில் ரசிகர்கள் வெளியே போய் நிற்கும்போதும் கதை காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. டீ போட எழுந்தால் ஒலியைக் குறைக்காமல் போங்கள்.